காப்புக் கட்டிய ஊருக்கு வந்த அந்தோனியார்

ஜீவராணிக்கு நல்ல சேதி ஒன்று கிடைத்துவிட்டால் அதை மடியில் கட்டி வைத்துக்கொள்ளத் தெரியாது. மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்குக் குடத்தோடு போவதற்குள் நாக்கு நமநமக்கத் தொடங்கிவிடும். நெல்லிமலைத் தோட்டத்து மேல்டிவிசனில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அன்றைக்கு அவள் வாயிலிருந்து விழுந்த ஒரு சொல் அவள் தலையிலேயே வந்து விடியும் என்று பாவம், அவளுக்கு யார் சொல்வது?

சேதி இதுதான். பதுளையிலிருந்து ஃபாதர் திலீபன் வந்துவிட்டுப் போயிருந்தார். புனித அந்தோனியாரின் திருப்பண்டம் ஊவா மாகாணம் முழுக்கச் சுற்றி வருகிறதாம். வருகிற செவ்வாய்க்கிழமை, தோட்டத்து மலை உச்சியில் இருக்கிற சின்ன அந்தோனியார் கோயிலுக்கும் வரப்போகிறதாம். அதோடு விட்டாரா? பூசை முடிந்ததும் அதைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு படியிறங்கி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்து, படுக்கையில் கிடக்கும் ஜீவராணியின் புருசன் புவனேந்திரனுக்கு முத்தமிட்டு முத்தி செய்யக் கொடுப்பதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார்.

புவனேந்திரன் தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்தவர். தை மாதத்தில் ஒரு நாள் காலையில் முகம் கழுவப் போனவர் அப்படியே சாய்ந்தார். பாரிசவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் ஒன்றிரண்டு சொல்லாகச் சுருங்கிப் போனது. அதைக்கூட ஜீவராணி தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறொன்று. சித்திரைக்குப் பிறகு அவர் சாப்பாட்டை மறுக்கத் தொடங்கினார். கஞ்சிக் கரண்டியைக் கிட்டே கொண்டுபோனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். கெஞ்சினாள், திட்டினாள், கொழும்பில் வேலை செய்யும் மகள் விதுஷாவைப் போனில் அழச் சொன்னாள். ஒன்றுக்கும் மசியவில்லை மனுசன். கன்னம் ஒட்டிப்போய்விட்டது.

அப்படிப்பட்டவர், அந்தோனியார் வருகிறார் என்று ஃபாதர் சொன்ன அன்றைக்கு மத்தியானம் தானாக வாயைத் திறந்தார். ஒரு கோப்பைக் கஞ்சியும் உள்ளே போனது. ஜீவராணி அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். சந்தோசத்தில்தான்.

அந்தோனியாரோடு அவளுக்கிருந்த பழக்கம் பக்கத்து வீட்டுக்காரரோடு இருக்கிற பழக்கம் மாதிரி. கம்மல் தொலைந்தால் தேடித் தரச் சொல்வாள். கிடைத்தால் மெழுகுதிரி, கிடைக்காவிட்டால் வசவு. “இத்தன வருசம் ஒங்க தேர எங்க வீட்டுக்காரருதானேய்யா தூக்கினாரு, அவரு கை விழுந்துகெடக்கு, நீங்க கொழந்த ஏசுவக் கையில வச்சிக்கிட்டுச் சும்மா நிக்கிறீங்க” என்று சுவரில் இருந்த படத்தைப் பார்த்து அவள் போட்ட சத்தம் லயத்துக்கே கேட்டது. இப்போது அவரே வருகிறார் என்றால் சும்மாவா? குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்கு ஓடினாள்.

பீலியில் மாரியாயி நின்றாள். சுவரை ஒட்டிய அடுத்த காம்பராவில் குடியிருப்பவள். இரண்டு பேரும் ஒரே மலையில், பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தே தலை நரைத்தவர்கள். மாரியாயி அம்மன் கோயில்காரி. ஆனாலும் செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு ஒரு திரி கொளுத்தாமல் இருக்கமாட்டாள். அம்மன் திருவிழா வந்தால் ஜீவராணி வீட்டு வாசலிலும் வேப்பிலை தொங்கும். இங்கே எல்லாம் அப்படித்தான்.

“படமா செலையா கொண்டாராங்க?” என்று மாரியாயி கேட்டாள்.

“படமும் இல்ல செலையும் இல்லக்கா. அவரேதான் வாராரு. அவரோட எலும்பு.”

“எலும்பா?”

“நெசமான எலும்பு. எண்ணூறு வருசத்துக்கு முந்தினது. தங்கக் கூட்டுக்குள்ள கண்ணாடி போட்டு வச்சிருக்காங்களாம்.”

‘திருப்பண்டம்’ என்று ஃபாதர் சொன்னபடியே சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அதில் என்ன பெருமை இருக்கிறது? எலும்பு என்று சொன்னால்தானே ஆள் அசந்துபோகும். மாரியாயி அசந்துதான் போனாள். குடம் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்கவில்லை. அவளுடைய கண் தன் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றின் மேல் இருந்தது.

அந்த வாரம்தான் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டிவிட்டால் அதை அவிழ்க்கும் வரைக்கும் ஊருக்குள் சாவுத் தீட்டு வரக்கூடாது. விரதக்காரர்கள் இழவு வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. இந்த வருசம் தீச்சட்டி எடுக்கிறேன் என்று மாரியாயியும் காப்புக் கட்டியிருந்தாள். அவளுக்கு மனதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. அடுத்த காம்பராவுக்கு எலும்பு வந்தால் தான் குளிக்க வேண்டுமா, இல்லை அந்த நேரம் கொஞ்சம் வெளியே போய் நிற்க வேண்டுமா, இவ்வளவுதான் அவள் சந்தேகம். நேராகப் பூசாரி சின்னராசாவிடம் போய்க் கேட்டாள். பூசாரிக்கும் விளங்கவில்லை. அவர் கோயில் கமிட்டித் தலைவர் ஜெயகுமாரைக் கேட்டார். பிறகென்ன, பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஜெயகுமார் தோட்டத்து லொறி டிரைவர். நல்ல பிள்ளை. வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. மேல ஒங்க கோயிலுக்குத் தாராளமா வரட்டும். அது மேல் ரோட்டால வந்து மேல் ரோட்டாலயே போயிரும். ஆனா லயத்துக்குள்ள வேணாங்க்கா. காப்பு அவுக்கிற வரைக்கும் பொணமோ எலும்போ ஊருக்குள்ள வரக்கூடாது.”

“அது பொணம் இல்ல தம்பி. புனிதரு.”

“புனிதருதான். நானும் அவருக்கு மெழுகுதிரி கொளுத்துறவன்தான். ஆனா எலும்பு எலும்புதானேக்கா? போன வருசம் இதே காப்புக்குள்ள எங்க பெரியப்பா ஆஸ்பத்திரியில செத்தாரு. அவரயே வீட்டுக்குக் கொண்டாராம நேரா சுடுகாட்டுக்குத்தான் கொண்டு போனோம். பெரியம்மா கடைசியா மொகங்கூட வீட்ல வச்சிப் பாக்கல. சொந்தப் பெரியப்பாவுக்கே அப்பிடின்னா நான் என்ன செய்ய?”

ஜீவராணி விரலை மடக்கி நாளை எண்ணிப் பார்த்தாள். காப்பு வெள்ளிக்கிழமைதான் அவிழ்ப்பார்கள். அதற்குள் திருப்பண்டம் எல்ல ஊரைத் தாண்டிப் போயிருக்கும். உள்ளே கட்டிலில் இருந்து புவனேந்திரன், “செவ்…வா?” என்று கேட்டார். நாள் நெருங்கிவிட்டதா என்று கேட்கிறார்.

“ஆமாங்க, செவ்வாக்கெழமதான். கஞ்சியக் குடிங்க” என்றாள். வராது என்று சொன்னால் அந்த வாய் மறுபடியும் மூடிக்கொள்ளும். மூடினால் பிறகு திறக்காது. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

மறுநாள் காலையில் பீலியில் மாரியாயியைக் கண்டதும் கொட்டித் தீர்த்துவிட்டாள்.

“ஒங்ககிட்டப் போய்ச் சொன்னேன் பாருங்க, என்னயச் செருப்பால அடிக்கணும்.”

“நா குளிக்கணுமான்னுதான் கேட்டேன் ராணி. வேற ஒண்ணும் கேக்கல.”

“நல்லாக் குளிங்க. ஊரையே கூட்டிக்கிட்டுப் போய்க் குளிங்க.”

அன்றிலிருந்து பேச்சு இல்லை. லயத்துக் காம்பராக்களுக்கு நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்த இடைவெளியால் நெருப்புப் பெட்டி, கருவாடு, ஊர்க் கதை எல்லாம் இத்தனை வருசமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்துகொண்டிருந்தன. இப்போது பாத்திரம் உருட்டும் சத்தம் மட்டும்தான் போய் வந்தது. மாரியாயி இருமினாள். இஞ்சி இடித்துத் தரட்டுமா என்று கேட்க வாயெடுத்த ஜீவராணி, நாக்கைக் கடித்துக்கொண்டு சட்டியைத் தடாரென்று வைத்தாள். கோபமாக இருப்பதும் ஒரு வேலைதான், அசந்துபோகாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்த நாள் பதுளைக்குப் பஸ் ஏறினாள். வழக்கமாக அவள் டவுனுக்குப் போனால் புவனேந்திரனை மாரியாயிதான் பார்த்துக்கொள்வாள். இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமல் கதவை வெறுமனே சாத்திவிட்டு வந்தாள். தான் படியிறங்கியதும் மாரியாயி வந்து கட்டிலருகே உட்கார்ந்துகொள்வாள் என்று தெரியும். கோபம் வேறு, அது வேறு.

ஃபாதர் திலீபன் பசறைப் பக்கத்து லயமொன்றில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குக் காப்பு என்றால் என்ன, தீட்டு என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜீவராணி முழுவதையும் சொல்லி முடித்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு ஒரு யோசனையும் சொன்னாள்.

“ஒண்ணு செய்வோம் ஃபாதர். ஒரு துணியில சுத்தி மரக்கறிப் பைக்குள்ள வச்சிக் கொண்டாந்துருங்க. மேல ரெண்டு கட்டுக் கீரையப் போட்டா யாருக்கும் தெரியாது.”

ஃபாதருக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது. “அந்தோனியாரக் கீரைக் கட்டுக்குள்ளயாம்மா கடத்தச் சொல்றீங்க?”

“வேற என்ன செய்யச் சொல்றீங்க?”

“அது அவங்க கட்டுப்பாடு. ஒளிச்சிக் கொண்டாந்து முத்தி செஞ்சா, நாளைக்கு அந்த லயத்துல நீங்க யாரு மொகத்தப் பாத்து நிப்பீங்க?”

அதுவும் சரிதான். ஜீவராணி சேலை நுனியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு மனதில் கிடந்ததைக் கேட்டாள்.

“எலும்பு எலும்புதானேன்னு கேக்கிறான் ஃபாதர். எனக்குப் பதில் வரல. எங்க மகளும் போன்ல கேக்குறா. கூட வேலை செய்யிற புள்ளைக ஏதோ சபைக்குப் போகுதுகளாம். கடவுள் இருக்கிறப்ப நடுவுல அந்தோனியாரு எதுக்கு, நேரா கேட்டா ஆகாதாங்கிறாளுக.”

“ஆகும். நேரா கேக்கத்தான் வேணும். கடவுள் என்ன துரையா, கங்காணியப் புடிச்சிக்கிட்டுத்தான் போகணும்ங்கிறதுக்கு?” ஃபாதர் கோப்பையைக் கீழே வைத்தார். “அண்ணன் விழுந்த அன்னைக்கு நீங்க மொதல்ல யாரக் கூப்பிட்டீங்க?”

ஜீவராணி தரையைப் பார்த்தாள். “மாரியக்காவ.”

“என்ன சொன்னீங்க?”

“அக்கா, அவரு விழுந்துட்டாரு, அவருக்காக வேண்டிக்கங்கன்னு சொன்னேன்.”

“கடவுள்கிட்டச் சொல்லலயா?”

“அதுவும்தான் சொன்னேன். அழுதுகிட்டே ரெண்டு பக்கமும் சொன்னேன்.”

“அவ்வளவுதாம்மா. ஆராதிக்கிறது கடவுள மட்டுந்தான். அந்தோனியார்கிட்ட நம்ம கேக்கிறது, எனக்காக வேண்டிக்கங்கன்னு. செபத்துலயும் அப்பிடித்தானே சொல்றோம்? செத்துட்டாருங்கிறதுக்காகக் கேக்காம விடணுமா? கடவுள்கிட்டப் போனவங்களுக்குக் காது மந்தமாயிருமா என்ன?”

“எலும்பு?”

“அந்த ஒடம்பாலதானே அவரு ஊரூரா நடந்தாரு, இல்லாதவங்களுக்குக் குடுத்தாரு, மொழங்கால்ல நின்னு செபிச்சாரு? கடவுள் ஒரு நாளைக்கு எழுப்பப்போற ஒடம்பு அது. தூக்கி எறியிற சாமான் இல்ல. அதுக்காக எலும்புல மந்திரமும் இல்லம்மா. தொடுறது நம்ம, செய்யிறது அவரு.” மேலே கையைக் காட்டினார். “அந்தோனியாரு கீழ வர முடியாட்டி என்ன, அண்ணன மேல தூக்கிட்டு வாங்க.”

“அது நடக்காது ஃபாதர்” என்றாள் ஜீவராணி. விழுந்த அன்றைக்கு அவரைப் போர்வையில் போட்டு, கம்பில் தொங்கவிட்டுத்தான் ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். நினைவோடு இருந்த மனுசன், வழி நெடுக அழுதார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து சேர்ந்ததும் அவர் தெளிவாகச் சொன்ன முதல் வார்த்தை “பொணம்” என்பதுதான். பிணத்தைப் போலத் தன்னைத் தூக்கியதை அவரால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு க்ளினிக்குக்குக்கூடத் தூக்க விடுவதில்லை. கையை ஓங்குவார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது, வந்த வேலை ஆகவில்லை என்ற துக்கத்தைவிட மாரியக்காவைத்தான் முதலில் கூப்பிட்டேன் என்று தன் வாயாலேயே சொன்னதுதான் அவளைப் போட்டுக் குடைந்தது.

வீட்டுக்கு வந்தால், நினைத்தபடியே மாரியாயி கட்டிலருகே உட்கார்ந்து கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். ஜீவராணியைக் கண்டதும் எழுந்து, முகத்தைப் பார்க்காமல் வாசல் வரைக்கும் போனாள். அங்கே நின்றுவிட்டாள்.

“ராணி. எலும்பு கீழ வரக்கூடாதுன்னுதானே சொன்னாங்க. அண்ணன் மேல போகக்கூடாதுன்னு யாரும் சொல்லலயே.”

“தூக்க விடமாட்டாரு. ஒங்களுக்குத் தெரியாததா?”

“போர்வையில போட்டுத் தூக்கினா விடமாட்டாரு. அம்மனத் தூக்கற மாதிரி உக்கார வச்சித் தூக்கினா?”

ஜீவராணி ஒன்றும் விளங்காமல் பார்த்தாள். மாரியாயி மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். அம்மன் சப்பரம் தூக்குகிற கம்பு இரண்டையும் கேட்டிருக்கிறாள். ஒரு நாற்காலியை அதில் கட்டி, நாலு பேர் தோளில் வைத்தால் மனுசன் ராசா மாதிரி நிமிர்ந்து போகலாம். காப்புக் கட்டிய பையன்களே தூக்குவார்கள். “ஜெயகுமாரு மொதல்ல முழிச்சான். உசுரோட இருக்கிற மனுசனத் தூக்கறதுல என்னடா தீட்டுன்னு கேட்டேன். சரின்னுட்டான்.”

“விரதத்தக் கட்டிக்கிட்டு வெறும் வயித்தோட நீங்க எதுக்கு இப்பிடி அலையிறீங்க?” ஜீவராணியின் குரல் அவளுக்கே தெரியாமல் இளகிப்போயிருந்தது.

மாரியாயி மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். “இந்தக் காப்ப நா யாருக்காகக் கட்டினேன்னு நெனச்ச? அண்ணனுக்குத்தான். அவரு வாயத் தொறந்து நாலு வாய் சாப்பிட்டா தீச்சட்டி எடுக்கிறேன்னு அம்மாகிட்ட நேந்துக்கிட்டேன்.”

அவருக்காகக் கட்டிய காப்புதான் அவருக்கு வந்த அந்தோனியாரை வாசலில் மறித்துக்கொண்டு நின்றிருக்கிறது. என்ன கூத்து இது?

“ஏங்க்கா எனக்குச் சொல்லல?”

“ஒன்கிட்டச் சொன்னா பீலிக்கே தெரிஞ்சிருமே” என்றாள் மாரியாயி.

ஜீவராணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் அவளைக் கட்டிக்கொண்டாள். கட்டிலில் இருந்தவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மாரியாயியே போய் அவரிடம் விசயத்தைச் சொன்னாள். அம்மனைத் தூக்குகிற கம்பு என்றதும் அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு இடது கையால் தாடையைத் தடவிக் காட்டினார். முகச் சவரம் செய்துவிடச் சொல்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஜெயகுமாரும் பையன்களும் வாசலில் நாற்காலி கட்டிக்கொண்டிருந்தார்கள். பூசாரி சின்னராசாவும் வந்திருந்தார். உள்ளே ஜீவராணி புருசனின் வலது கைக்கு எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருந்தாள். பூசாரி நிலைப்படியில் குந்தினார்.

“தாயி, தெரிஞ்சுக்கத்தான் கேக்கிறேன். செத்தவரு எலும்ப வச்சி நீங்க என்ன செய்வீங்க?”

ஃபாதர் சொன்னதையெல்லாம் ஒழுங்காகத் திருப்பிச் சொல்லிவிட வேண்டும் என்று ஜீவராணி பார்த்தாள். ஒன்றுகூட வரிசைக்கு வரவில்லை. கையில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“மாமா, இத எல்லாரும் செத்த கைன்னுதான் சொல்றாங்க. அவரே அப்பிடித்தான் நெனக்கிறாரு. அசையாது, கிள்ளினாலும் தெரியாது. அதுக்காக நா விட்டுட்டேனா? காலையிலயும் சாயந்தரமும் எண்ண போட்டு உருவுறேன். யாரும் பாக்காதப்ப முத்தங்கூடக் குடுக்கிறேன். கை செத்தா என்ன, கைக்காரரு இருக்காரில்ல? அந்தோனியாரும் அப்பிடித்தான் மாமா. அவரு கடவுள்கிட்ட உசுரோட இருக்காரு. இங்க இருக்கிறது அவரோட கை, அவரோட காலு. அதத்தான் தொடுறோம்.”

முத்தம் என்றதை யோசிக்காமல் சொல்லிவிட்டாள். வாசலில் பையன்கள் குனிந்துகொண்டு முடிச்சை மறுபடியும் மறுபடியும் இறுக்கினார்கள். புவனேந்திரனின் பாதி வாய் மட்டும் சிரித்தது. ஜீவராணிக்குக் காது வரைக்கும் சூடேறியது.

பூசாரி எட்டி அந்தக் கையைப் பார்த்தார். “கட்டுப்பாடு கட்டுப்பாடுதான் தாயி. அத நா மாத்த முடியாது. ஆனா இனிமே எலும்புன்னு சொல்லமாட்டேன்” என்று எழுந்தார்.

மாரியாயி தன் சேலையொன்றை மடித்து, அவர் சாய்ந்துவிடாதபடி நெஞ்சைச் சுற்றிக் கட்டினாள். நாலு பேர் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். தூக்கிய நொடியில் புவனேந்திரன் இடது கையால் நாற்காலியை இறுகப் பிடித்தார், முகம் வெளிறியது. அந்த நேரம் பார்த்து முன்னால் நின்ற தப்புக்காரர் அடிக்கத் தொடங்கினார். தோட்டத்தில் சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி. இது சாமி அடி. புவனேந்திரனுக்கு அது தெரியாதா? தலையை நிமிர்த்தினார். லயத்து வாசல்களில் நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிட, படியேறிப் போனார் மனுசன். யாரைக் கும்பிடுகிறோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

கோயில் வாசலில் காப்புக்காரர்கள் இறக்கி வைத்துவிட்டு விலகிக்கொண்டார்கள். உள்ளே அந்தோனியார் கோயில்காரர்கள் தூக்கிப் போனார்கள். மாரியாயி சவுக்கு மரத்தடியில் தள்ளி நின்று அங்கிருந்தே கும்பிட்டாள். கூட்டம் முத்தி செய்து முடியும் வரைக்கும் காக்கவைக்காமல், ஃபாதரே பீடத்திலிருந்து இறங்கி நாற்காலிக்குக் கிட்ட வந்தார். தங்கக் கூட்டுக்கு நடுவில் கண்ணாடி. கண்ணாடிக்குள்ளே அரிசி மணி அளவில் ஏதோ ஒன்று. இவ்வளவு சின்னதுக்கா இத்தனை பாடு என்று ஜீவராணி ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காக உடனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். புவனேந்திரன் இடது கையால் வலது கையைத் தூக்கிக் கண்ணாடியின் மேல் வைத்தார். உதடு அசைந்தது. நெடுநேரம் அசைந்துகொண்டே இருந்தது. ஃபாதர் அவசரப்படுத்தவில்லை. ஜீவராணியின் கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை. ஒரு விரல், ஒரே ஒரு விரல் அசைந்தால்கூடப் போதும்.

அசையவில்லை.

வீட்டுக்குத் திரும்பிக் கட்டிலில் கிடத்தும்போதும் கை முன்னைப் போலவே தொங்கியது. அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. ஜீவராணி கஞ்சியோடு வந்து உட்கார்ந்தாள். அவர் முதல் வாயை வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் பேசவே தைரியம் வந்தது.

“என்னாங்க கேட்டீங்க அவர்கிட்ட? கைக்கா?”

இல்லை என்று தலையாட்டினார்.

“காலுக்கு?”

இல்லை.

இத்தனை நாளாக அவள் நெஞ்சுக்குள் பொத்தி வைத்திருந்த பயம் வெளியே வந்துவிட்டது. “நல்லபடியாப் போய்ச் சேரணும்னா கேட்டீங்க?”

அவர் கோபமாகத் தலையாட்டினார். இடது கையால் அவளைச் சுட்டிக் காட்டினார். வார்த்தை வருவதற்குள் நெற்றியில் வேர்த்துவிட்டது.

“ஒனக்கு. தூ…க்கம்.”

படுக்கைப்புண் வந்துவிடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதிலிருந்து, ராத்திரியில் அடிக்கடி எழுந்து அவரைப் புரட்டிப் போடுகிறவள் அவள். தை மாதத்திலிருந்து அவள் தொடர்ந்து கண்ணயர்ந்ததே கிடையாது. அவர் தூங்குகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் தூங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் விழித்திருந்து, கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார். சாப்பாட்டை மறுத்ததும் அதற்காகத்தான். தான் சீக்கிரம் போய்விட்டால் இவள் தூங்குவாள். பிறகு, கேட்பதற்கு ஓர் ஆள் வருகிறார் என்று தெரிந்ததும், கேட்டுவிட்டுப் பார்ப்போம் என்று வாயைத் திறந்திருக்கிறார்.

“கேக்கறதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலயா ஒங்களுக்கு?” என்றாள் ஜீவராணி. “ஊரே தூக்கிக்கிட்டுப் போய், அவ்வளவு பெரிய மனுசன்கிட்ட, இதையா கேட்டீங்க?” என்று திட்டிக்கொண்டே அந்தக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. “எல்லாம் கேட்டுச்சு.”

மாரியாயி பாயும் தலையணையுமாக உள்ளே வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்தாள். “படு.”

“பொழுது இன்னும் சாயல. சோறாக்கணும், துணி கெடக்கு.”

“அந்தோனியாரு என்ன, மணி பாத்தா குடுப்பாரு? படுங்கிறேன்ல. அண்ணன நா பாத்துக்கிறேன். இன்னைக்கு மட்டுமில்ல, இனிமே ஒரு நாள் விட்டு ஒரு நாள் என் மொற.”

ஜீவராணி சும்மா முதுகைச் சாய்ப்போம் என்றுதான் படுத்தாள். ஏதோ சொல்லத் தொடங்கிப் பாதியிலேயே வாய் நின்றுவிட்டது. மாரியாயி சத்தம் காட்டாமல் வாசலுக்குப் போய், கீழே அம்மன் கோயிலடியில் நின்ற ஜெயகுமாரைப் பார்த்துக் கையால் ஏதோ சைகை செய்தாள். ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்த பாட்டு நடு வரியில் நின்றது. திருவிழா நாளில், அதுவும் பட்டப்பகலில், இப்படி ஓர் அமைதியை அந்த லயம் கண்டதில்லை. ஒவ்வொரு வாசலாகத் தலை நீண்டது.

“கரண்டு போயிருச்சா?” என்று யாரோ கேட்டார்கள்.

“கரண்டு இருக்கு” என்றாள் மாரியாயி. “ராணி தூங்குது.”

உள்ளே வந்து, புவனேந்திரனை மெதுவாக இடது பக்கமாகப் புரட்டிப் போட்டாள். அந்தப் பக்கத்தில்தான் ஜீவராணி படுத்திருந்தாள்.